வெறும் வயிற்றோடு நான்கு மாடி

மார்ச் 4

இன்றும் அதே கூத்து. தெருக்கோடி வீட்டில் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்துவிட்டு நிமிர்ந்தேன், இடது பாதம் உள்பக்கமாகத் திருகிக்கொண்டது. கையால் பிடித்து நிமிர்த்தினாலும் மறுபடி திருகுகிறது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சூப்பர்வைசர் பைக்கை நிறுத்தி, தெருவே கேட்கிற மாதிரி, "மத்தியானம் ஆனா கால் மடங்கிடுமா? யாருக்குக் காது குத்துற? இந்த மாசத்தோட வேற ஆளைப் போட்டுக்கறேன்" என்றார்.

போட்டுக்கொள்ளட்டும் பார்க்கலாம்.

மார்ச் 9

நரம்பு டாக்டரிடம் மூன்றாவது முறை. வரிசை அனுமார் வாலாக நீளும் என்று வீட்டுக்காரர் ரொட்டியும் வாழைப்பழமும் கட்டிக் கொடுத்திருந்தார். தின்றுவிட்டு உள்ளே போனேன். நடக்கச் சொன்னார். நடந்தேன், மகாராணி மாதிரி! சனியன் பிடித்த கால் அங்கே மட்டும் ஒழுங்காக இருக்கிறது. சின்ன வயதில் வலிப்பு வந்து நின்றதையும் மறுபடி சொன்னேன். "அது பழைய கதைம்மா. கால்ல ஒண்ணும் இல்ல. மனசை லேசா வெச்சுக்கோங்க."

மார்ச் 10

என் மனசு லேசாத்தான் இருக்கு. கால்தான் திருகுது. நான் ஒண்ணும் நடிக்கல.

மார்ச் 14, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். மாவு மில்லுக்கு நடந்து போய் வந்த அப்பா, யாருக்கும் காத்திராமல் தட்டைப் போட்டு உட்கார்ந்தார். "வந்துட்டார் சாப்பாட்டுராமன்! காலை இழுத்துக்கிட்டு வருவார், தட்டைக் கண்டா கால் சரியாயிடும். வேலைக்கு டிமிக்கி குடுக்க நல்ல வித்தை" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எத்தனை வருஷத்துச் சிரிப்பு இது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சுரீர் என்றது. தட்டைக் கண்டால் கால் சரியாகிவிடும் — எனக்கும் அப்படித்தானே? சாப்பிட்ட பிறகு ஒரு நாளாவது திருகியிருக்கிறதா? டாக்டர் பார்த்ததெல்லாம் வயிறு நிறைந்த என்னை. அடி மண்டு!

மார்ச் 16

செய்துவிட்டேன்.

பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. பஸ் ஏறாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். கால் திருகவில்லை. விடுவேனா? நான்கு மாடி ஏறி இறங்கினேன். மறுபடி ஏறினேன். காவல்காரர், "லிஃப்ட் இருக்கும்மா" என்றார். "தெரியும்ணே" என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை ஏறினேன். மூன்றாம் மாடியில் திருகிக்கொண்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே போய் டாக்டர் அறைக் கதவைத் தள்ளினேன். பின்னால் வரிசையே கத்தியது. "மன்னிச்சுக்கோங்க டாக்டர். இது போறதுக்குள்ள பாருங்க."

எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். "எப்ப சாப்ட்டீங்க?" முதல் தடவையாகக் கேட்கிறார். நேற்று ராத்திரி என்றேன். சர்க்கரை தூக்கலாக டீ வரவழைத்தார். குடித்தேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன வயசுல வலிப்புன்னு சொன்னீங்கள்ல?"

"மூணு தடவை சொன்னேன்."

"நான்தான் காதுல வாங்கல" என்றார். அழுதேன். கோபத்தில்தான்.

ஏப்ரல் 2

முதுகில் ஊசி போட்டு எடுத்த நீரில் சர்க்கரை குறைவாம். ரத்தத்தில் குறைவில்லை. அங்கிருந்து மூளைக்குப் போகிற வழிதான் பிறவியிலேயே குறுகல். வெறும் வயிற்றில் ரொம்ப நடந்தால் மூளைக்குப் பற்றாமல் கால் திருகுகிறது. இனி சர்க்கரைக்குப் பதிலாக மூளை எரித்துக்கொள்ளக் கொழுப்பு கூடுதலாகத் தனிச் சாப்பாடு, அதுவும் ஆஸ்பத்திரி மேற்பார்வையில். "இது பரம்பரையாவும் வரும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க அப்பாவுக்கு" என்றேன்.

அப்படியே டாக்டர் சீட்டோடு ஆபீசுக்குப் போனேன். சூப்பர்வைசர் இறங்கி வந்து, "வேலையில இரும்மா, பக்கத்துத் தெருவாப் பாத்துத் தர்றேன்" என்றார். "தாங்க. ஆனா தெருவுல வெச்சுச் சொன்னதை இங்க எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க" என்றேன். வாங்கினார்.

ஏப்ரல் 4

அம்மா வீட்டில் சொன்னேன். அம்மா எழுந்து போய் அப்பாவுக்குத் தட்டைப் போட்டாள். அப்பா, "நானே என்னைச் சோம்பேறின்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றார்.

ஏப்ரல் 13

அதே ஆஸ்பத்திரி, அதே படி. டாக்டர் சொன்னபடி அப்பா வெறும் வயிற்றோடு ஏறினார். அம்மா டீ பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, கூடவே ஏறினாள். இரண்டாம் மாடியில் அவர் கால் திருகியது. அம்மா படியிலேயே உட்கார்ந்து அந்தப் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா கூச்சத்தோடு இழுத்தார், அவள் விடவில்லை.

"டாக்டரை வரச் சொல்லுடி! எல்லாரையும் வந்து பாக்கச் சொல்லு! இவர் நடிக்கல!"

கட்டிடம் முழுக்கக் கேட்டிருக்கும்.