மணலில் ஓடுவதைச் சொல்லிவிட்டேன்

சனிக்கிழமை, இரவு.

பேத்தி தேவி என்னோடு பேசவில்லை. இன்று மைதானத்துக்கு அவளுக்குச் சாப்பாடு கொண்டு போனபோது, பெருமை தாங்காமல் அவளுடைய ஃபுட்பால் கோச்சிடம் சொல்லிவிட்டேன்: "பிராக்டிஸ் லீவு நாள்லகூட விடிகாலையில குப்பத்து மணல்ல ஓடிக்கினுதான் கீறா சார்!"

பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அதான் முட்டி வீங்குதா? லீவு குடுக்கறதே காலு தேறத்துக்குத்தான் ஆயா. வளர்ற புள்ள. நாளைக்கு மேட்ச் வேணாம், ஒக்காரட்டும்."

வழியெல்லாம் தேவி எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில்தான் திரும்பினாள்.

"உன்ன யாரு கேட்டா? பீத்திக்கலன்னா உனுக்குச் சோறு எறங்காதா ஆயா?"

முட்டி வீங்குவது எனக்குத் தெரியும். தினமும் நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். விளையாடினால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இன்றும் கிண்ணத்தோடு போய் உட்கார்ந்தேன். கால்களை மடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

காய்ச்சிய எண்ணெய் ஆறிவிட்டது. "அஞ்சு மணிக்கு எழுப்பு ஆயா" என்று சொல்லாமல் அவள் தூங்கியதே இல்லை. இன்று சொல்லவில்லை. நல்லதுதான், தூங்கட்டும். எனக்குத்தான் அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து யாரை எழுப்புவேன்?