கதவு திறக்கும்வரை நாற்பது நிமிடம்

நவம்பர் 12, திங்கள்
காலை 7.05க்குப் பள்ளி வாசலில் ஏழு பிள்ளைகளையும் பேருந்திலிருந்து இறக்கிவிட்டேன். கதவு திறப்பது 7.45க்கு. நான் நிற்க முடியாது, 7.20க்கு மர ஆலையில் வேலை செய்பவர்களைப் பாலத்தடியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கண்ணாடியில் பார்த்தேன் — சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். மைனஸ் பதினொன்று டிகிரி.

நவம்பர் 14
தலைமையாசிரியை மார்கரேத்தாவைக் கேட்டேன். "சீக்கிரம் திறந்தா உள்ளே பாத்துக்க ஆள் வேணும், பெரிட். எங்கிட்ட ஏது? பஸ் நேரத்தைத் தள்ளி வைங்களேன்."
பேருந்து அலுவலகத்தில் மேலாளர் ஹோகன்: "நேரம் இனி ஆகஸ்ட்லதான் மாறும். பள்ளிக்கூடத்துச் சாவி எங்கிட்டயா இருக்கு?"
இரண்டு பேரும் நல்லவர்கள்தான். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 20
மைனஸ் பதினெட்டு.

நவம்பர் 27
தூவா, ஒன்பது வயது, படியிலேயே நின்றாள். "நான் உள்ளேயே இருந்துக்கறேன், பெரிட். சத்தமே போட மாட்டேன்."
"முடியாது கண்ணு. இறங்கு."
இறங்கினாள். கதவை மூடினேன். என்ன மனுஷி நான்? மூடற பொத்தான் என் கையிலதானே இருக்கு?

டிசம்பர் 4
தூவாவின் மூன்று விரல் வெளுத்து மரத்துப்போய், மருத்துவரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். கையுறை ஒன்று பேருந்திலேயே கிடந்தது. நான் கவனிக்கவில்லை. அவள் அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உங்க மேல தப்பில்ல"ன்னாங்க.

டிசம்பர் 5
எழுதப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 6
மைனஸ் இருபத்திரண்டு. "யாரும் இறங்க வேணாம்" என்றேன். 7.45 வரை உட்கார்ந்திருந்தோம். ஹோகன் மூன்று தடவை அழைத்தார்; எடுக்கவில்லை.
பாலத்தில் ஆலைக்காரர்கள் பதினோரு பேர் நாற்பது நிமிடமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் அதே குளிர்தானே — அதை யோசிக்காமலா இருந்தேன்? யோசித்தேன். இருந்தும் செய்தேன்.
"நாங்க செத்துட்டோம்னு நெனச்சியா?" என்று அவர்களில் ஒருவரான ஸ்தூரே கத்தினார். காரணம் சொன்னேன்.

டிசம்பர் 7
அலுவலகத்தில் ஹோகன் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ஆலை நிர்வாகத்திலிருந்து புகார். "திங்கள்லேர்ந்து நீ கடற்கரை லைன் பஸ்ஸை ஓட்டு. இதோட விட்டாங்களேன்னு இரு."
வாதாடவில்லை. இந்த ஊரில் வேறு வேலை எங்கே?

டிசம்பர் 13
கடையில் ஸ்தூரே வழிமறித்தார். ஆலைக்காரர்கள் பதினோரு பேரும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டுப் பேருந்து அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். "எங்களை முதல்ல கொண்டுபோய் விடட்டும். வேலை தொடங்கறவரைக்கும் ஆலை சாப்பாட்டு ரூம்ல கதகதப்பா உக்காந்து காப்பி குடிக்கறோம். பிள்ளைங்க அப்புறம் வரட்டும்."
"ஹோகன் ஒத்துக்கணுமே?"
"பதினோரு பேரும் நடந்துபோய் அவர் ரூம்ல நின்னோம். இடம் பத்தல."
சிரித்தேன். பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

ஜனவரி 10
கடற்கரை லைன். காலையில் இரண்டே பயணிகள்; யாரும் வாய் திறப்பதில்லை.
மதியம் ஆர்விட் போன் செய்தான். என் பழைய வண்டியை இப்போது ஓட்டுபவன்.
"7.43க்கு இறக்கிவிடறேன். எல்லாம் சரி. ஆனா பெரிட், இதுங்க என்ன இப்படிக் கத்துதுங்க? பாட்டு வேற. உன் வண்டியிலயும் இப்படித்தானா?"
"இல்ல," என்றேன். "என் வண்டியில தூங்கிட்டு வருவாங்க."