ஈரலுக்கு மட்டும் ஒரு வாசல்

அண்ணி,

இன்று காலை பக்கத்து வீட்டில் கீழாநெல்லி அரைத்தார்கள். யாருக்கோ காமாலையாம். அந்தப் பச்சை வாடை சுவர் தாண்டி வந்ததுமே, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைக் குடிக்கும் உங்கள் முகம் கண்முன் வந்துவிட்டது. மாரடைப்பு உங்களைக் கொண்டுபோன பிறகு, உங்களை நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தது இன்றைக்குத்தான்.

நீங்கள் அம்பகரத்தூரிலிருந்து வரிச்சிக்குடிக்கு எங்கள் வீட்டு மருமகளாக வந்த மறுவருடம். வயிற்றில் பிள்ளை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில், ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்றார்கள். உங்களுக்கு ஒரு நோவும் இல்லை, கண்ணில் மஞ்சள்கூட இல்லை. ஆனாலும் அம்மா கீழாநெல்லி அரைத்தாள். உங்கள் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தாள்.

காரைக்கால் கல்லூரியில் நான் உயிரியல் நடத்தத் தொடங்கியிருந்த நேரம். அழுதுகொண்டிருப்பீர்களோ என்று அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால், ஊறுகாயை நக்கிக்கொண்டே கேட்டீர்கள்: "ஏம்மா, ஒடம்புல இவ்ளோ எடம் இருக்க, இது ஏன் ஈரலையே தேடிப் போவுது?"

"ஈரல் செல்லு மேல ஒரு வாசல் இருக்கு அண்ணி. ரத்தத்துல வர்ற பித்த உப்பை உள்ள இழுத்துக்கிற வாசல். இந்தக் கிருமி மொதல்ல செல்லு மேல லேசா ஒட்டும். அப்பறம் அந்த வாசலைக் கெட்டியா புடிச்சுக்கும். செல்லு அதை அப்படியே முழுங்கிடும். அந்த மாதிரி வாசல் ஈரலுக்குத்தான் உண்டு."

"தட்டு வழியா வருமா?"

"வராது. ரத்தத்தோட வரணும். ஒருத்தருக்குப் போட்ட ஊசி, பிரசவம், புருஷன் பொஞ்சாதி, இப்படி."

"இதை அத்தைகிட்ட நானே சொல்றேன். நீ சொன்னா பாடம்னு தூங்கிடுவாங்க."

மறுநாள் மதியம் அம்மா எதிரில் போய் உட்கார்ந்தீர்கள். "அத்தை, பித்தம் போற வாசல்ல ஒருத்தன் சொந்தக்காரன் மாதிரி நொழைஞ்சுட்டான். அவன் ரத்தத்துல வந்தவன். தண்ணியில, சோத்துல வர்ற காமாலை வேற. உங்க சமையல் மேல பழியே இல்ல."

அம்மா சிரிக்கவில்லை. "அப்ப புள்ளைக்கு?" என்றாள். அவளுடைய பயம் முழுவதும் அங்கேதான் இருந்திருக்கிறது.

"பொறந்த ஒடனே தடுப்பூசி போட்டா, அவன் வாசலுக்குப் போவறதுக்கு முன்னாடியே மடக்கிடலாமாம். வீட்டுல எல்லாரும் போட்டுக்கணுமாம்."

"எனக்குமா?"

"உங்களுக்குத்தான் மொதல்ல."

ஊசி என்றால் பத்தடி தள்ளி நிற்கும் அம்மா, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். அன்று மாலை உங்கள் டம்ளரில் தானே காபி குடித்தாள். உங்கள் மகள் பிறந்த அன்றே அவளுக்கும் ஊசிகள் போட்டார்கள். பிறகு பரிசோதித்ததில் கிருமி இல்லை. அன்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம், "எங்க பேத்திக்கு வாசலை அடைச்சாச்சு!" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தாள்.

போன வாரம் இதே பாடம் முடிந்ததும் ஒரு மாணவி தயங்கி நின்றாள். "எங்கம்மாவுக்கு இருக்கு மிஸ். வீட்டுல யாரும் அவங்க கையால வாங்கித் திங்க மாட்றாங்க."

"நாளைக்கு அவங்க கையால செஞ்சதைக் கொண்டு வா, சேந்து சாப்புடுவோம்" என்றேன்.

புளிச்சோறு கொண்டுவந்தாள். ஒரு வாய் போட்டதும், "உங்கம்மா கிருமியால ஆபத்து இல்ல, உப்பாலதான்" என்றேன். உங்கள் குரல் எனக்கு எப்படி வந்ததோ தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இருவரும் டப்பாவைக் காலி செய்தோம்.