மனுவில் எழுதாத பத்தி

செவ்வாய், காலை

தம்பிக்கு அக்கா எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனித் திட்டலாம் அல்லவா?

போனில் பேசவே கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பதால் இதைப் பார்சல் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன் மச்சானோடு படித்தவர், வாய் திறக்க மாட்டார். உள்ளே, வக்கீல் உனக்காக ஆஜராக வக்காலத்துத் தாள் இருக்கிறது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடமே திருப்பிக் கொடு. வேறெங்கும் கிறுக்கி வைக்காதே.

ஏழு வருஷமாகக் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸும் டைப்பிங்கும் வைத்துப் பிழைக்கிறேன். ஊரான் வீட்டுப் பிள்ளைகளுக்கு எத்தனை முன்ஜாமீன் மனு அடித்துக் கொடுத்திருப்பேன்! ‘மனுதாரர் ஒரு நிரபராதி’ என்ற வரி என் விரலுக்கே மனப்பாடம். மனுதாரர் என்ற இடத்தில் உன் பெயரை அடிக்கும்போது மட்டும் மூன்று தடவை தப்பாக விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டு உடையாமல் இருந்ததே பெரிய விஷயம்.

போலீஸ் சொல்வது இது. போன புதன்கிழமை மதியம், நகைப் பட்டறையிலிருந்து கடைக்கு வளையல் எடுத்துப்போன ஒரு பெரியவரை இரண்டு பேர் சந்துக்குள் மடக்கி, கம்பியால் கையில் அடித்து, பையைப் பறித்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற உன் சரக்கு வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்கள். கொள்ளை வழக்கு. சந்துக்குள் கேமரா இல்லை, ஆனால் எதிர்க்கடை கேமராவில் உன் வண்டி எண் பளிச்சென்று விழுந்திருக்கிறது. உன் அருமை நண்பர்களில் ஒருவன் அன்று சாயங்காலமே பிடிபட்டு, வண்டி ஓட்டியது நீதான் என்று சொல்லிவிட்டான். இன்னொருவனையும் காணோம், பையையும் காணோம். நீயும் ஓடிவிட்டாய்.

வீட்டுக்கு இரண்டு முறை வந்தார்கள். உன் படம் வேண்டும் என்று என் கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் நீ இருப்பது ஒரே ஒரு படத்தில், அதிலும் உன் இடது கைப் பழக்கப்படி இடது கையால் வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு நிற்கிறாய். அதை வைத்து உன்னைக் கண்டுபிடித்தால் அவர்களுக்கு மெடல் கொடுக்கலாம். அம்மா சிரிக்கவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டாலே மாத்திரை டப்பாவைத் தேடுகிறாள்.

வக்கீல் கேட்பது ஒரே ஒரு கேள்வி. அன்று மதியம் நீ எங்கே இருந்தாய்? உண்மையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரமாக இரு.

அக்கா.


திங்கள், இரவு

தம்பிக்கு,

உன் சீட்டு வந்தது. ‘வண்டி அன்னிக்கு மெக்கானிக் ஷெட்ல இருந்துச்சு. நான் அங்க இல்லக்கா’ என்று எழுதியிருந்தாய். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை இல்லை. சரி போகட்டும்.

நீ எழுதியதை அப்படியே மனுவில் ஐந்தாவது பத்தியாக அடித்தேன். கேமராவில் வண்டி எண் இருக்கிறதே என்றதற்கு, ஷெட்டிலிருந்து எவனோ எடுத்துப்போயிருப்பான் என்று வாதாடலாம் என்றார் வக்கீல். மனு தாக்கலாகி, கோர்ட் எண் விழுந்து, இன்று பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக வந்தது. காலை பத்து மணிக்குப் போய் நின்றேன். ஒரு மணிக்கு நம் முறை வந்தது. அரசு வக்கீல் எழுந்து, போலீஸிடமிருந்து விவரம் வரவில்லை, அவகாசம் வேண்டும் என்றார். நீதிபதி தலையாட்டினார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். நான்கு தெரு தள்ளி இருக்கிற ஸ்டேஷனிலிருந்து ஒரு தாள் வர ஒரு வாரமாம்! அதற்குள் உன்னைப் பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்டேன். ‘பிடிபடாம இருக்கச் சொல்லுங்கம்மா’ என்றார். இதற்குத்தான் சட்டம் படித்திருக்கிறார்.

பொருள் மீட்கப்படவில்லை, ஒருவன் தலைமறைவு, அடிபட்டவருக்கு எலும்பு முறிவு, அதனால் அரசுத் தரப்பு கடுமையாக எதிர்க்கும் என்றும் சொன்னார். மெக்கானிக்கிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் தெம்பாக வாதாடலாம் என்றார். கடையைப் பூட்டிவிட்டு நேரே ஷெட்டுக்குப் போனேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். வெளியே வரவே இல்லை. அங்கிருந்தே, ‘உங்க தம்பி வண்டி இங்க வந்து மூணு மாசம் ஆச்சுக்கா. போலீஸ் வந்து கேட்டப்பவும் அதத்தான் சொன்னேன். எனக்கும் புள்ளகுட்டி இருக்கு’ என்றார். நான் அவருடைய காலைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தேன்.

பொய் சொன்னதுதான் சொன்னாய், அந்த ஆளிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கக் கூடாதா? இப்படி எழுதுகிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

திரும்பிப் போய்ச் சொன்னபோது வக்கீல் கொஞ்சமும் அசரவில்லை. ஐந்தாம் பத்தியை மாற்றி, நீ அன்று காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாய் என்று கூடுதல் பிரமாணப் பத்திரம் போடலாம் என்கிறார். அதற்கு அம்மா சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். அம்மா இப்போதே தயார். உனக்கு எத்தனை டிகிரி காய்ச்சல் என்றுகூட முடிவு செய்துவிட்டாள். ஆயுசில் ஒரு பொய்க்கும் துணை போகாதவள், சற்று முன் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு முறை கேட்கிறேன். அங்கே இருந்தாயா? என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்து போனாயா, தெரியாமல் போனாயா? எனக்குப் பதில் எழுது.

அக்கா.


வெள்ளி, சாயங்காலம்

தம்பிக்கு,

பார்சல் வண்டிக்காரர் மூன்று நாளாக வெறுங்கையோடு வருகிறார். நீ கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய் என்று மட்டும் சொன்னார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதில் நீ அப்பாவையே மிஞ்சிவிட்டாய். இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டியதில்லை. முழுசாகப் படித்தால் போதும்.

இன்று பதினொரு மணிக்கு ஒருவர் கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். வலது கையில் முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக் காகிதங்களை இரண்டு நகல் எடுக்க வேண்டும் என்று இடது கையால் பையைத் துழாவினார். நான்தான் வாங்கிப் பிரித்தேன். நகைப் பட்டறைத் தொழிலாளி, கம்பியால் தாக்கப்பட்டவர் என்று முதல் தாளிலேயே இருந்தது. எதிர்க்கடை கேமராவில் உன் வண்டி நின்ற அதே தேதி. மெஷினில் தாளை வைக்கிறேன், கோணல் கோணலாக வந்து விழுகிறது. இரண்டு நகலுக்கு ஏழு தாளை வீணாக்கினேன்.

அவரோ பேச ஆள் கிடைத்ததே என்று பேச ஆரம்பித்துவிட்டார். இந்தக் காகிதம் கோர்ட்டுக்கு இல்லையாம், முதலாளிக்காம். பிடிபட்ட உன் நண்பன் ஸ்டேஷனில் என்ன சொல்லியிருக்கிறான் தெரியுமா? அடிக்கவே இல்லை, கிழவர்தான் பையைக் கொடுத்தார், பங்கு கேட்டார், அப்புறம் தானாகக் கையைச் சுவரில் மோதிக்கொண்டார் என்று சொல்லியிருக்கிறான். முதலாளி அதை நம்பிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பட்டறைக்குள் அவரைக் கால் வைக்க விடவில்லை. போலீஸும் தினமும் கூப்பிட்டு அவரையே கேள்வி கேட்கிறார்கள்.

‘சந்துக்குள்ள நடந்தத யாரும்மா பாத்தா? ஒருத்தன்தான் பாத்தான். வண்டிய விட்டு எறங்கி ஓடி வந்தான். குட்டையா இருந்தான். அவனுங்களப் பாத்து, சரக்கு ஏத்தணும்னுதானடா கூப்புட்டீங்க, எதுக்குடா இவர அடிச்சீங்கன்னு கத்துனான். என்னைச் செவுத்தோட சாய்ச்சி உக்கார வெச்சி, கைய நெஞ்சோட சேத்துப் புடிங்க, அசைக்காதீங்கன்னு சொல்லி, துண்ட எடுத்துக் கட்டிவிட்டான். இடது கையாலதான் முடிச்சுப் போட்டான். அப்புறம் அவனுங்க கூப்புட்டதும் ஓடிட்டான்’ என்றார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நல்ல பையன் போலிருக்கிறது என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! ‘என்ன நல்ல பையன்? உக்கார வெச்சான், சரி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனானா? இன்னிக்கு வந்து, இந்த ஆள் பொய் சொல்லலன்னு ஒரு வார்த்தை சொல்றானா?’ என்று கேட்டார். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவர்களை நீ கேட்ட கேள்வியில் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தெரியாமல்தான் போயிருக்கிறாய். பத்து நாளாக என் நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியது. அடுத்த நிமிஷமே வேறொரு கல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மத்தியானம் வக்கீலிடம் போய், நீ அங்கே இருந்ததையும் பெரியவருக்குக் கட்டுப் போட்டதையும் அப்படியே மனுவில் எழுதினால் என்ன என்று கேட்டேன். அவர் பதறிப்போனார். சம்பவ இடத்தில் இருந்ததாக நாமே ஒப்புக்கொண்டால் முன்ஜாமீன் கிடைப்பது சந்தேகம், பிடித்து உள்ளே வைத்துவிட்டுத்தான் மற்றதைக் கேட்பார்கள் என்றார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ‘நீங்க அக்காவா, அரசு வக்கீலா?’ என்றும் கேட்டார். அம்மாவின் பிரமாணப் பத்திரத்தை நாளைக்குள் அடித்துத் தரச் சொல்லிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்திருக்கிறார். அது மேஜையில் கிடக்கிறது. நான் அதை அடிக்கப் போவதில்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் என்னோடு பேச மாட்டாள்.

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அழைத்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனதற்கு, அந்தப் பெரியவரை அங்கேயே விட்டுவிட்டு வந்ததற்கு, என்னிடம் பொய் எழுதியதற்கு. எல்லாவற்றுக்கும் நேரில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். உன்னை ஸ்டேஷனுக்குப் போ என்று எழுத என் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

வக்கீலிடமிருந்து திரும்பி வந்தபோது பெரியவர் மறுபடியும் வந்து கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதலாளி காகிதத்தை வாங்கவே இல்லையாம். தண்ணீர் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், தம்பி. அந்தப் பையன் வருவான், வந்து நடந்ததைச் சொல்வான் என்று சொன்னேன். உனக்கெப்படிம்மா தெரியும் என்றார். நான் அவனுக்கு அக்கா என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். தண்ணீர்த் தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். பிறகு, ‘எப்ப வருவான்?’ என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா.