மாடி வீட்டு வைஃபையும் என் லேப்டாப்பும்

ஜூலை 8, செவ்வாய்

வெயில். காத்து வேற, துணி ஒண்ணும் கொடியில நிக்கல. இன்னைக்கு பராமரிப்பு கரண்ட் கட். அதுக்குள்ள தண்ணி ஏத்திடலாம்னு மோட்டாரப் போட்டுட்டு பாப்பாவுக்கு இட்லி ஊட்ட உட்கார்ந்தேன். மறந்தே போச்சு. டேங்க் வழிஞ்சு, மொட்டை மாடியில சகாயக்கா காயவச்ச மொளகா அத்தனையும் நனைஞ்சிருச்சு.

மாடி வீட்டுக்காரங்க. எனக்கு ஓரகத்தி, அவருக்கு அண்ணி. அண்ணின்னா அம்மா மாதிரின்னு கல்யாணத்தப்போ சொன்னாங்க. அந்த அம்மா பாதி படி இறங்கி வந்து, தெருவுக்கே கேக்குற மாதிரி: "பி.எட். படிச்சா மட்டும் போதுமா ஸ்டெல்லா? ஒரு மோட்டார நிறுத்தத் தெரியலையே."

மன்னிப்பு கேக்கத்தான் வாயெடுத்தேன். அதக் கேட்டதும் மூடிக்கிட்டேன். தப்பு என்மேலதான். அதுக்காக படிப்ப ஏன் இழுக்கணும்?

மூணு மணிக்கு கரண்ட் வந்தது. லேப்டாப்பத் திறந்தா வைஃபை இல்ல. எதிர்வீடு, பக்கத்து டைலர் கடை, எல்லா பேரும் வருது. நாங்களும் சேர்ந்து உபயோகிக்கிற மாடி வீட்டு வைஃபை பேரு மட்டும் இல்ல. போன்ல பார்த்தேன். போன்ல ஜம்முனு வருது.

சனிக்கிழமை டெமோ கிளாஸ். வெளிநாட்டுல இருக்கிற நம்ம பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு. பாப்பா பொறந்து ஸ்கூல் வேலைய விட்டப்புறம் தேடி வந்த முதல் வேலை. லேப்டாப்லதான் எடுக்கணுமாம், போன் கூடாதாம்.

ஜூலை 9, புதன்

காலையிலயும் இல்ல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. பேட்டரியக் கழட்டி மாட்டியாச்சு. மாதா படத்துக்கு முன்னாடி வச்சும் பார்த்தாச்சு.

அவரோட போன் ஹாட்ஸ்பாட்டுல மாட்டினா உடனே ஒட்டுது. ஆனா வீட்டுக்குள்ள சிக்னல் ஒரு கோடு. வீடியோல என் மூஞ்சி வாயத் திறந்தபடி நின்னுடுது. இதுல நான் பின்னம் நடத்தினா அந்தப் பிள்ள பயந்து ஓடிரும். கேபிள் போட்டு போன மாட்டினேன். சார்ஜ் மட்டும் ஏறுது.

அப்பத்தான் உறைச்சுது. கனெக்‌ஷன் அவங்க பேர்ல. ரூட்டர் அவங்க ஹால்ல. போன மாசம் அவங்களே அவங்க போன்ல ஒரு லிஸ்ட் காட்டுனாங்க. "இந்தா, இது உன் போனு, இது உன் லேப்டாப்பு, இது எங்க வீட்டு டேப்லெட்டு. பரீட்சை சமயத்துல இத அமுக்கினா அதுக்கு மட்டும் நின்னுரும்." எனக்கும் அமுக்கிட்டாங்க. போன விட்டுட்டு லேப்டாப்ப மட்டும். என் பொழப்பு எதுலன்னு தெரிஞ்சே.

அவர் ரெட்டிபாளையம் ஆலையிலேருந்து ஷிப்ட் முடிஞ்சு வந்தார், தலையெல்லாம் சிமெண்ட் தூசி. சொன்னேன். "ச்சே, அண்ணி அப்டி செய்யாதுடி." "அப்ப நீங்களே போய்க் கேளுங்க." "மொளகா விஷயத்துல நான் வரல." குளிக்கப் போயிட்டார்.

சாயங்காலம் ச.அ. வாசல்ல கீரை வாங்கினாங்க. நானும் வாங்கினேன். கீரைக்காரம்மாகிட்ட மட்டும் பேசினேன். (பேர முழுசா எழுதக்கூட கை வரல.)

ஜூலை 10, வியாழன்

வாங்க வேண்டியது: பாப்பாவுக்கு டயப்பர், ஒயிட்போர்டு மார்க்கர், தலைவலி மாத்திரை.

பாப்பாவ எடுத்துக்கிட்டு, லேப்டாப்ப பையில போட்டுக்கிட்டு பெரம்பலூர் பஸ். அங்க மாறி குரும்பலூர், தம்பி வீடு. டோனி காலேஜ்ல கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறான். இந்த பழைய லேப்டாப்ப வாங்கிக் குடுத்து, முன்ன இருந்த விண்டோஸ அழிச்சிட்டு லினக்ஸ் போட்டுக் குடுத்ததும் அவன்தான். "இலவசம்க்கா, வைரஸ் வராது, ஸ்பீடா ஓடும்." ஓடத்தான் செய்யுது. வைஃபைய விட்டுட்டு ஓடுது.

பஸ்ல பக்கத்துல ஒரு அம்மா போன்ல, "நான் ஒண்ணும் கேக்கல, ஆனா எனக்குத் தெரியும்." எனக்கும்தான் தெரியும்னு நெனச்சுக்கிட்டேன்.

டோனி வீட்டு வைஃபை ஒரே தட்டுல வந்திருச்சு. அவன் ஏதேதோ கட்டளை அடிச்சுப் பார்த்தான். "லேப்டாப் நல்லாதான்க்கா இருக்கு."

முடிஞ்சுது. அப்ப சந்தேகமே இல்ல. திரும்பி வர்ற வழி பூரா அழுகை முட்டிக்கிட்டு வந்தது. வேலை போறதுக்கு இல்ல. நான் பிரசவத்துக்குப் போனப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி பூரா என் கால அமுக்கிவிட்ட கை அது. அதே கையா?

ஜூலை 11, வெள்ளி

புழுக்கம். பாப்பாவுக்கு வேர்க்குரு.

மதியம் முடிவு பண்ணிட்டேன். மேல போய் நேராவே கேட்டுடறது. என்ன கேக்கணும்னு மனசுக்குள்ள ஒத்திகை கூட. "மொளகாய்க்குப் பதில் மொளகா வாங்கித் தரேன், என் வேலையில கை வைக்காதீங்க." நல்லா காரமா வந்திருந்தது.

நாலு படி ஏறியிருப்பேன். டோனி போன்.

"அக்கா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். பேரு வந்தும் கனெக்ட் ஆகலையா? இல்ல, பேரே வரலையா?"

"பேரே வரலடா."

"அப்ப அவங்க நிறுத்தலக்கா. நிறுத்தியிருந்தா பேரு தெரியும், உள்ளதான் விடாது. பேரே தெரியலன்னா லேப்டாப்புக்குத்தான் கண்ணு தெரியல."

படியிலேயே உட்கார்ந்துட்டேன்.

அவன் சொன்னது, எனக்குப் புரிஞ்ச அளவுக்கு: வைஃபைக்கு நம்ம ஊர்ல பதிமூணு சேனல், ரேடியோவுல ஸ்டேஷன் மாதிரி. அமெரிக்காவுல பதினொண்ணுதான். கரண்ட் போய் வந்தா ரூட்டர் தானா ஒரு சேனலத் தேடி உட்காரும். செவ்வாக்கிழமை போய் பன்னெண்டுலயோ பதிமூணுலயோ உட்கார்ந்திருக்கு. என் லேப்டாப்பு தான் அமெரிக்காவுல இருக்கிறதா நெனச்சுக்கிட்டு, பதினொண்ணுக்கு மேல திரும்பியே பார்க்கல.

"அதுக்கு யாருடா அப்டி சொன்னது?"

"நான்தான்க்கா. லினக்ஸ் போடுறப்ப நாடு கேட்டுச்சு. பாக்காம அமுக்கிட்டேன் போல."

கீழ ஓடி, அவன் எழுத்தெழுத்தா சொன்ன வரிய அடிச்சேன். கடைசில IN, இந்தியாவாம். எண்டர். ஒண்ணும் சொல்லல. ஒரு நிமிஷம் கழிச்சு மாடி வீட்டுப் பேரு பட்டியல்ல வந்து நின்னுச்சு. தொட்டேன். ஒட்டிக்கிச்சு.

அப்பாடா. இன்னும் பத்து படி ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும். ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சேன். டோனிய வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், கேட்டுக்கிட்டான். அடுத்த தடவையும் நிக்கிற மாதிரி ஒரு ஃபைல்லயும் எழுத வச்சான்.

ஜூலை 12, சனி

டெமோ முடிஞ்சுது. துபாய்ல ஒரு பொண்ணு, ஆறாவது. தோசைய எட்டா வெட்டச் சொன்னேன். "டீச்சர், எங்கம்மா நாலாத்தான் வெட்டுவாங்க." சரி, நாலா வெட்டிக்கலாம்னேன். வீடியோ ஒரு தடவ கூட நிக்கல.

முடிவு மெயில்ல வருமாம். வரட்டும். மதியம் நல்லா தூங்கினேன்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிஞ்சு வந்து குழம்பு கூட்டிக்கிட்டு இருந்தேன். சகாயக்கா சமையக்கட்டு வாசல்ல. கையில போன்.

"உன் லேப்டாப்பு திரும்பி வந்துருச்சு போல."

அடுப்பக் கொறச்சுட்டுத் திரும்பினேன்.

"செவ்வாக்கிழமையிலேருந்து லிஸ்ட்ல காணோம். எங்க வைஃபையே வேணாம்னு ரோஷத்துல எடுத்துட்டியோன்னு நெனச்சேன். அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக்கூடாது. சோறு எறங்கல எனக்கு."

நான் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனா அவங்க அப்டி நின்னப்ப மறைக்க முடியல. "நீங்க எனக்கு நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்க்கா."

போன என் முன்னாடி நீட்டினாங்க. "நிறுத்துறவளா இருந்தா போனையும்ல நிறுத்தியிருப்பேன்? அரைகுறையாவா செய்வேன்?"

சிரிச்சுட்டேன். அவங்க சிரிக்கல முதல்ல. அப்புறம் அவங்களும். மொளகாய்க்கு மன்னிப்பு கேட்டேன். "பாதி தேறிருச்சு, விடு." குழம்ப ருசி பார்த்துட்டு உப்பு பத்தலன்னாங்க. பத்தலதான்.

ஜூலை 14, திங்கள்

மெயில் வந்துருச்சு. திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும், சாயங்காலம். எடுத்துக்கிட்டாங்க! அவர்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி மாடிக்குத்தான் ஓடினேன். நான் கிளாஸ் எடுக்கிற நேரம் பாப்பாவ அவங்க பார்த்துக்கறாங்களாம். நான் கேக்கல. அவங்களே சொன்னாங்க.

சாயங்காலம் இடியோட மழை. கரண்ட் போயிட்டு வந்தது.

மாடியிலேருந்து சத்தம்: "ஸ்டெல்லா, வருதா?"

"வருதுக்கா."