தொட்டிக்கு உரம்

சனி, இரவு

மீன் தொட்டியின் விளக்கை இன்னும் அணைக்கவில்லை. கூடம் முழுவதும் பச்சை வெளிச்சம் அசைகிறது; நானும் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. முட்டை சுமக்கும் இறால் ஒன்று மஞ்சள் இலையின் மேல் மெல்ல நடக்கிறது.

தொட்டிச் செடியெல்லாம் மஞ்சளாகிறதே என்று நேற்று புலம்பினேன். இன்று வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர், தான் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்து உரத்தை ஒரு போத்தலில் கொண்டுவந்துவிட்டார்.

"செம்பனைக் கன்னுக்கே இதத்தான் அடிக்கிறோம். ஒரு மூடி ஊத்து, பச்சப்பசேல்னு ஆயிரும்லா."

"இதுல செம்பு இருக்கா? செம்பு பட்டா இறால் செத்துரும்ங்க."

உரக் கணக்கு பார்க்கும் ஸ்டோர் கிராணிக்குப் போன் போட்டுக் கேட்டார். இருக்கிறதாம். போத்தலைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். இறாலுக்கு ஆகாதது எதுவும் கலக்காத உரத்தை நாளை நீலாய் டவுனில் வளர்ப்பு மீன் கடையில் வாங்கலாம் என்றேன். தலையாட்டினார். பிறகு இரண்டு கைகளையும் தொட்டி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

"என் கையிலயும் இருக்குமோ?"

"சோப்பு போட்டுக் கழுவுனா போயிரும்."

போன மாதம் வேலையிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல், ஆசையாக இந்தச் செடிகளை நட்டுக்கொடுத்தவர் அவர்தான். மறுநாள் ஆறு இறால்கள் செத்துக் கிடந்தன. வெயில் தாங்கவில்லை என்று அன்று பேசிக்கொண்டோம்.

வெயிலாகவே இருக்கட்டும்.