நூற்றெண்பதைத் தாண்டக் கூடாது

அன்புள்ள சின்னப் பேத்திக்குப் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நர்ஸம்மா சொல்வதைக் கேட்டு நடப்பாய் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. உன் அக்கா மகன் நீச்சலில் பள்ளிக்கே முதலாவதாக வந்தான். உன் பெரியப்பா மகள் பல் டாக்டராகிவிட்டாள். முதல் பல்லே என்னுடையதுதான். வலிக்கவே இல்லை என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறேன். வலித்தது. உன் அண்ணனுக்குப் பெரிய இடத்தில் பெண் பேசியிருக்கிறோம். பஸ் நிலையக் கூரை வேலையும் அவனுக்கே வரும் போலிருக்கிறது. அஞ்சாவதோடு நின்றவளின் வம்சம் இது.

அடுத்த வாரம் விசாரணை அதிகாரி உன்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கே வருகிறாராம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அண்ணன் கட்ட எடுத்த அந்தக் கொட்டகைக்கு நீ படம் வரைந்த நாளில் ஒரு ஸ்கேலை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்திக் காட்டினாய். நடுவில் வளைந்தது. இரும்பும் இப்படித்தான் பாட்டி, நீளமா ஒல்லியா இருந்தா பாரம் ஏறினதும் வளைஞ்சிடும், அதனால நீளத்துக்கும் ஒல்லிக்கும் ஒரு கணக்கு உண்டு, பாரம் தாங்குற குழாய்க்கு அது நூத்தியெண்பதைத் தாண்டக் கூடாது என்றாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. அண்ணன் வாங்கிப் போட்ட குழாய்க்கு அது இருநூற்றறுபது வருகிறது என்று சாப்பாட்டு மேசையில் நீ அவனோடு மல்லுக்கு நின்றதும் நினைவிருக்கிறது. நம்ம பாட்டியப் பாரு, குச்சி மாதிரி இருந்துக்கிட்டு மொத்தக் குடும்பத்தையும் தாங்கலையா என்றான் அவன். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. என்ன வாய் அவனுக்கு.

குழாயை அளந்து காட்டுகிறேன் என்று நீ மேலே ஏறிய அன்றைக்கா காற்று அடித்துக் கொட்டகை சரிய வேண்டும்? உன்னை யாரும் ஏறச் சொல்லவில்லை.

அதிகாரியிடம், படத்திலேயே ஒல்லிக் குழாய்தான் போட்டேன், என் கணக்குதான் தப்பு என்று சொல்லிவிடு. படத்தை அண்ணன் அதற்குத் தகுந்தபடி மாற்றி வைத்துவிட்டான். அவனுக்கு இனிமேல்தான் வாழ்க்கை. உனக்கு இனிக் கல்யாணமா, காட்சியா? பெயர் கெட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? கடைசிவரை உன்னை நாங்கள்தானே தூக்கி வைத்துப் பார்க்க வேண்டும். உனக்காகக் கீழ் அறையைக் காலி செய்திருக்கிறேன். நீ வேறு மாதிரி சொன்னால் அதில் சிமெண்டு மூட்டை அடுக்கிக்கொள்வோம். இதை உன் அண்ணன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

நல்ல புத்தியோடு நெடுநாள் இரு, கண்ணே.

ஒரு வேலை பாக்கி. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் தங்கையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். வெளியூரில் மேல்படிப்பு, கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று சொல்லியிருக்கிறோம். இங்கே இருப்பதெல்லாம் நீ தலையில் ஹெல்மெட்டோடு, பின்னால் அந்தக் கொட்டகை தெரிய நிற்கும் படங்கள். தலையை நன்றாகப் பின்னிக்கொண்டு, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. சிரித்த முகமாக இருக்கட்டும். இடுப்புக்கு மேலே மட்டும் போதும்.

உன் நன்மையே நினைக்கும்
பாட்டி